ஒயருக்குள் ஊசி

என் கணவரின் மோட்டாரைக் கெடுத்தவள் நான்தான். உப்புத் தண்ணீர் அல்ல, வேலுவும் அல்ல. நான்.

மூன்று வருஷமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதனால்தான் சொல்கிறேனோ, என்னவோ...

மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய ரேடியோ ரிப்பேர் கடை. அவர் கை பட்டால் ஊமை ரேடியோவும் பேசும் என்பார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம், பட்டாளத்தார் கழித்துப்போட்ட சாமான்களின் ஏலத்தில், படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார் ஒன்றை எடுத்துவந்தார். அடையாற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்கும் வேலு அவருக்குப் பழைய சிநேகிதன். வேலுவின் படகில் அதை மாட்டி, இருவருமாகக் கடலுக்குள் போவதாக ஏற்பாடு.

வந்தபோது அது ஓடவில்லை. கொல்லையில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, விளிம்பில் மோட்டாரை மாட்டி, ஒரு மாதம் அதனோடு போராடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எந்தக் கணவன் மனைவிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பான்? அவர் சொல்லிக்கொடுத்தார்.

"காயில்ல பொறக்கிற கரண்ட் இந்த ஒயர் வழியா பிளக்குக்கு வரணும். அங்க பொறி விழுந்தாத்தான் எஞ்சின் ஓடும். நடுவுல ரப்பர் கிழிஞ்சி இரும்புல பட்டுதுன்னா போச்சு. கரண்ட் அங்கேயே இறங்கிடும்."

பழைய ஒயர் அப்படித்தான் கிழிந்திருந்தது. புதிது போட்டார். கயிற்றைச் சுற்றி இழுத்ததும் மோட்டார் உறுமியது. பீப்பாய்த் தண்ணீர் முழுக்க எங்கள் மேல். நனைந்துகொண்டே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கெழம கடல்ல இறக்கிடலாம்" என்றார்.

யுத்தத்தின்போது ரங்கூனில் கப்பலேறிய என் அண்ணன் வந்து சேரவேயில்லை. அன்றிலிருந்து கடல் என்றாலே எனக்குப் பயம். 'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் நின்றிருப்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். ஆனால், கணவனின் ஆசையைத் தடுத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாமாயிருந்தது. பழி அந்த மோட்டாரின் மேல் விழட்டும் என்று நினைத்தேன். பயத்தை மன்னிக்கலாம்... இந்தக் கோழைத்தனத்தை?

சனிக்கிழமை காலையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானம் அவர் குளிக்கப் போயிருந்தபோது, தையல் ஊசி ஒன்றை அந்தப் புது ஒயரின் ரப்பரில் குத்தினேன். முனை உள்ளே செம்பில் பட்டது. வெளியே நின்ற காதுப் பக்கத்தை, ஒயரைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் தள்ளி மறைத்தேன். அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

சாயங்காலம் மோட்டாரை வண்டியிலேற்றி வேலுவின் குடிசையில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் காலை நானும் ஆற்றங்கரைக்குப் போனேன். கை சிவக்கச் சிவக்க இழுத்தார். பொறியே இல்லை. குப்பத்து ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"நேத்து ஓடுனது இன்னிக்கி எப்படி நிக்கும்? உப்புத் தண்ணி பட விட்டிருக்கே" என்றார் வேலுவிடம்.

"சாக்கு போட்டு மூடி வெச்சிருந்தேன் சார். ஒரு சொட்டு படல."

"பொய் சொல்லாதே."

வேலு என் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லும்மா. தண்ணி பட்டாப்போலவா கீது?"

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு மோட்டார் மறுபடி கொல்லைக்கு வந்தது. பிளக்கைத் தேய்த்தார். காயிலைச் சந்தேகித்துப் பிரித்து, தலைமயிர் போன்ற செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றினார். கம்பிக் கண்டைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, சுற்றுகளை எண்ணியவள் நான். வாரக்கணக்கில் எண்ணினேன். தன் கையால் மாட்டிய ஒயரை மட்டும் அவர் சந்தேகிக்கவேயில்லை.

கடைசியில் மயிலாப்பூர் மெக்கானிக் காசிம் பாய்க்கு அதை விற்றுவிட்டார். நாலாம் நாளே பாய் வாசலில் வந்து நின்றார்.

"காயில் யார் சார் சுத்துனது? கம்பெனி வேலையாட்டம் கீது. ஒயர்தான் கோளாறு. புடுங்கிக் கடாசிட்டு வேற போட்டேன், ஒரே இழுப்புல ஓடுது."

இவர் பாயை வழியனுப்பிவிட்டு வந்தார். "நான் போட்ட ஒயர்தான்" என்றார் பிறகு, எனக்குக் கேட்கும்படி மட்டும்.

அன்றே என்னையும் அழைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். வலை பின்னிக்கொண்டிருந்த வேலுவின் முன்னால் கைகூப்பினார். "தப்பு என்னோடதுப்பா. உன் மேல அபாண்டமா பழி போட்டுட்டேன்."

வேலு நிமிரவில்லை. "வுடு சார். ஆனா இனிமே நம்ம படகாண்ட வராதே."

நான் செய்த குற்றத்துக்காக அவர் கைகூப்பி நிற்க, ஓரடி தள்ளி நின்றேனே நான்... வாய் திறந்தேனா?

கடையை மூடிவிட்டார். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் இப்போது கணக்கெழுதுகிறார். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் தம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் அதைத் தொடக்கூட இல்லை. "எனக்கு இதெல்லாம் சரியா வராதுங்க. தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இலைமுன் உட்கார்ந்தார்.

சொல்லிவிடத்தான் எதிரில் போய் நின்றேன். சத்தியமாகச் சொல்லத்தான்...

"என்ன?" என்று நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுங்களா?" என்று கேட்டேன்.