சவரிமுத்துவின் வலது கை

பேரன் வாங்கும் விளையாட்டுப் பத்திரிகையில் போன வாரம் நடுப்பக்கம் முழுக்கக் குத்துச்சண்டை வீரர்கள். உலகத்திலேயே பலமாகக் குத்தியவர் யார் என்று ஒரு பட்டியல். செத்து அரை நூற்றாண்டு ஆனவரும் நேற்று மீசை முளைத்தவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். "நீங்க யாரைச் சொல்றீங்க தாத்தா?" என்று பேரன் கேட்டான். கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த ஆராய்ச்சியை நாங்கள் ஒருமுறை செவ்வாய்ப்பேட்டையில் செய்து பார்த்தவர்கள்.

யுத்த காலம். சேலத்தில், அந்தச் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மண்டியில் நான் குமாஸ்தா. பருத்திக்கொட்டை, மிளகாய் வற்றல், வெல்லம், சணல் சாக்கு எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை காலையில் மூக்கில் ஏறினால் படுக்கும்வரை இறங்காது. அதோடு கரிப்புகை வேறு. பெட்ரோல் கிடைக்காமல் லாரிகளெல்லாம் ஒரு கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு, அதில் வரும் வாயுவால் ஓடிய நாட்கள் அவை. இருமிக்கொண்டே ஏற்றத்தில் ஏறும்.

அப்படி ஒரு லாரியைச் சங்ககிரிக்கு ஓட்டியவர் சவரிமுத்து. வண்டியைக் கிளப்ப முன்னால் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். இரண்டு பேர் மூச்சு வாங்கும் அந்த வேலையை அவர் ஒற்றை வலது கையால் முடிப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்தக் கை வேறு வேலை பார்த்தது. ரயில்வேக்காரர்கள் நடத்திய பந்தயத்தில் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்டை ஒரே குத்தில் படுக்க வைத்ததாம். பார்த்தவர்கள் மூன்று பேர், சொன்னவர்கள் ஊர் முழுக்க.

எங்கள் காலத்து ஆள் செங்கோடன். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. கார்னிவல் கூடாரங்களில் குத்திப் பெயர் எடுத்தவர், வீட்டுச் சரக்கோடு எங்கள் மண்டிக்கு வந்துபோவார். இவர்களில் யார் குத்து பெரிது என்று மண்டியே இரண்டு கட்சியாகிவிட்டது.

"மெத்தையாட்டம் கையுறைய மாட்டிக்கிட்டுக் குத்தறதெல்லாம் ஒரு குத்துங்களா?" என்பார்கள் பழைய கட்சியார்.

"அன்னைக்கு எதுத்து நின்னவனெல்லாம் தண்ணி போட்ட சோல்சருங்க!" என்போம் நாங்கள். குத்துச்சண்டையில் எனக்குத் தெரிந்தது பத்திரிகையில் வந்த அமெரிக்கச் சேதி மட்டும்தான். ஆனாலும் என் தொண்டைதான் எல்லோரையும்விடப் பெரிது.

வழி கண்டுபிடித்தவனும் நானே. அரை மூட்டையை உத்தரத்தில் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு குத்து. மூட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறதோ அங்கே சுவரில் சுண்ணாம்புக் கோடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பருத்திக்கொட்டை மூட்டையைக் கட்டினோம். செங்கோடன் குத்தினார். கோடு போட்டேன். நைந்த சாக்கு, தையல் விட்டுக் கொட்டையெல்லாம் சிதறியது.

சவரிமுத்து சிரித்துக்கொண்டு ஒதுங்கியே நின்றார். கஞ்சி கொண்டு வந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்து, "இந்தக் கை இருந்தாத்தானுங்க வண்டி. உட்டுருங்க" என்றார்.

நான் சவரிமுத்துவைப் பார்த்துச் சொன்னேன்: "பயமா இருந்தா வேண்டாமுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

கைக்கு எட்டிய அடுத்த சாக்கு வெல்லம். கோடையில் காய்ந்து இறுகிப்போன பழைய சரக்கு. அதைத் தராசில் ஏற்றினேன். முதல் மூட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல் இருந்தது. இரண்டு உருண்டையை எடுத்துவிட்டு எடையைச் சரிசெய்தேன். என் நேர்மையைப் பாருங்கள்!

சவரிமுத்து மூட்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார். "இது கொட்டை இல்லையே சாமி."

"எடை ஒண்ணுதானுங்க" என்றேன். மண்டியே தலையாட்டியது. எடை சரியென்றால் எல்லாம் சரி என்பதுதான் மண்டிக்காரனுக்குத் தெரிந்த ஒரே வேதம். பழைய கட்சியாரும் சேர்ந்துதான் ஆட்டினார்கள்.

அவர் குத்தினார். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மூட்டை ஆடியது, செங்கோடனின் கோட்டுக்கு நாலு விரற்கடை குறைவு. நாங்கள் கூத்தாடினோம். நான் ஒரு மூட்டைமேல் ஏறி நின்று கத்தினேன். கத்தாதவர் செங்கோடன் ஒருவர்தான். ஓடிப்போய்ச் சவரிமுத்துவின் கையைப் பிடித்து, "அண்ணா, வெரலத் தொறங்க" என்றார். திறக்கவில்லை. செங்கோடன் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கல்லக் கட்டி உட்டுருக்கறீங்களே."

கட்டு வைத்தியர் ஆறு வாரம் கட்டினார். கை சேர்ந்தது, ஆனால் எதையும் இறுகப் பிடிக்க வரவில்லை. லாரி வேறு ஆளிடம் போனது. பாவம் பார்த்து, இடது கையால் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலையைச் சவரிமுத்துவுக்குக் கொடுத்தார்கள். முகமெல்லாம் கரியோடு மண்டிக்கு வருவார். என்னிடம் எப்போதும்போலத்தான் பேசுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செங்கோடன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார்.

யுத்தம் முடிந்து ஒருவழியாகப் பெட்ரோல் வந்தது. இனி மூச்சுவிடலாம் என்று ஊரே மகிழ்ந்தது. எங்கள் மண்டி வாசலில் வைத்தே அந்த லாரியின் அடுப்பைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டார்கள். சவரிமுத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரி இல்லையென்றால் கரி போடுகிறவரும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கிட்டே போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"செங்கோடன் திரும்பி வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. கொட்டை மூட்டையில ஒருக்கா, இடது கையில குத்திப் பாத்துடறேன்."

செங்கோடன் செத்துப்போன தந்தி அதற்கு முந்தின வாரமே அவர் ஊருக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரியும்.

"சொல்றேனுங்க" என்றேன்.

அடுத்த மாதம் சவரிமுத்துவின் வீடு பூட்டிக் கிடந்தது. பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று மாதா கோயில் சாமியாருக்கும் தெரியவில்லை. மண்டியும் போய், அந்த இடத்தில் இப்போது துணிக்கடை. செங்கோடனிடமிருந்து பதில் வரும் என்று அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ.