கரை மறையாத கப்பல்

1. ஜேர்மனியில் இருக்கும் அக்கா, ஆற்றில் ஓடும் உல்லாசக் கப்பல் ஒன்றில் தனக்கும் அம்மாவுக்கும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, இடம் பதிந்தா.
2. பதிந்த பிறகுதான் எனக்குச் சொன்னா.
3. விசா விண்ணப்பத்தை நிரப்பியதும், அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்.
4. அம்மா பெட்டிக்குள் தேசிக்காய் அடுக்கினா.
5. அம்மா போனா.
6. நான் முள்ளியவளையில் இருந்தேன்.

நாலாவதற்கு விளக்கம் வேண்டும். கப்பல் என்றால் தலை சுற்றும், வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும், தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, மணக்க வேண்டும் என்பது அம்மாவின் அனுபவம். அவா அதுவரை ஏறியது ஒரே ஒரு கப்பல்.

"அம்மா, இது ஆறு. அலை இல்லை. ஆடாது."

"கப்பல் எண்டால் கப்பல்தானே பிள்ளை."

"தேசிக்காயை எயாப்போட்டிலயே எறிஞ்சுபோடுவாங்கள்."

"அப்ப ஊறுகாயாக் கொண்டுபோறன்."

நான் நீர்ப்பாசனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குளக்கட்டு, துருசு, வாய்க்கால் என் வேலை. துருசு என்பது குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் கதவு. ஆற்றுக் கப்பலில் என்ன எதிர்பார்க்கலாம் என்று தேடிப் படித்து அம்மாவுக்குச் சொன்னதும் நான்தான். அறை சின்னது, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். ஊருக்கு ஊர் இறக்கி நடக்க விடுவார்கள், தெருவெல்லாம் கல் பதித்தது, செருப்பு சரிவராது. சில துறைகளில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள். யன்னலைத் திறந்தால் ஆறு தெரியாது, அடுத்த கப்பல்காரரின் கட்டில்தான் தெரியும். ஆறு உயரும் இடங்களில் கப்பலை இரண்டு கதவுகளுக்கு நடுவில் அடைத்து, தண்ணீரை நிரப்பி மேலே தூக்குவார்கள்.

"துருசு திறக்கிற மாதிரித்தான், பயப்படாதேங்கோ" என்றேன்.

உண்மையில் அந்தக் கதவுகளைப் பார்க்க வேண்டியவள் நான். அம்மா அந்த நேரம் நித்திரை கொள்ளுவா என்று நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

ஒருமுறை மட்டும் அக்காவிடம் கேட்டேன். "மூண்டு பேருக்கு அறை இல்லையோ?"

"உனக்கென்ன விசரே? ஆத்துக் கப்பலில ரெண்டு பேருக்குத்தான் அறை. உன்னை அடுத்தமுறை பாப்பம்."

"ஓம்" என்றேன்.

இரண்டு பேருக்குத்தான் இடம். இதை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். யுத்தத்தின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கடற்கரைக்கு அப்பால், காயக்காரரை ஏற்ற ஒரு கப்பல் வந்து நின்றது. அக்காவுக்குக் காலில் காயம். ஒரு காயக்காரரோடு ஒருவர் போகலாம் என்றார்கள். அம்மா போனா. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வள்ளம் அவர்களைக் கப்பலில் சேர்த்தது. கப்பல் சின்னதாகி, பிறகு இல்லாமல் போனது.

அம்மா செய்தது சரி. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை; சொல்ல இருந்திருந்தால் சொல்லி முடித்திருப்பேன். அப்போது எனக்கு இருந்த ஒரே எண்ணம், அந்தக் காயம் எனக்குப் பட்டிருக்கக் கூடாதா என்பதுதான். மாதங்கள் கழித்து வவுனியா முகாமில் அம்மாவைக் கண்டுபிடித்தபோது, அவா அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தா. பின்னல் பாதியில் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் எழும்புவாவோ என்று ஒரு கணம் நின்று பார்த்தேன். அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தா. ஆனாலும் நான் நின்று பார்த்தது நினைவில் இருக்கிறது.

அம்மா ஆற்றுக் கப்பலில் ஏறிய மூன்றாம் நாள், நான் கண்டாவளையில் ஒரு வாய்க்காலை அளந்துகொண்டு நிற்க, வீடியோ அழைப்பு வந்தது. மேல்தட்டில், அக்காவின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்மா கதிரையில் சாய்ந்திருந்தா.

"பாரன் உன்ர அம்மாவை," அக்காவின் குரல். "பக்கத்துக் கதிரை வெள்ளைக்காரிக்கு ஊறுகாய் தீத்தினவா. அவ இப்ப எங்களைக் கண்டால் மற்றப் பக்கத்தால போறா."

"ஆடுதோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. நீ சொன்ன மாதிரித்தான். அந்தத் துருசுக்குள்ளயும் போனனாங்கள். கண் மூடாமப் பாத்தனான், உனக்குச் சொல்ல வேணுமெண்டு." பிறகு கமராவை விட்டு அங்கால் பார்த்தா. "ஒண்டு தெரியுமே, இஞ்ச கரை மறையவே இல்லை. ரெண்டு பக்கமும் கூடவே வருது. ஆக்கள் கை காட்டினால் முகமும் தெரியுது. அண்டைக்கு உன்ர சட்டை தெரியுதோ தெரியுதோ எண்டு பாத்துக்கொண்டு போனனான். கொஞ்சத்தில வெறுங் கடல்."

"என்ன நிறச் சட்டை அம்மா?"

"பச்சை."

எனக்கு நினைவில்லை. கேட்க அப்பாவும் இப்போது இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அக்கா அழைப்பை முடித்துவிட்டா. அம்மா அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்ததும் அக்காதான்.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறா. அடுத்த வருடமும் கப்பலுக்கு வரச்சொல்லி அக்கா அவாவைக் கேட்டிருக்கிறா. அறை இரண்டு பேருக்குத்தான். "இந்தமுறை நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ, நான் நிக்கிறன்" என்கிறா அம்மா. எனக்கு அக்காவோடு போக விருப்பமில்லை, அம்மாவோடுதான். பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துவிட்டேன். இந்தமுறை நிற்கப் போவது அவா என்று அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.