ஒட்டிப் பிரித்த வெள்ளை

சீருடை தைக்கும் கடையில் காலையிலிருந்து மாலை வரை மிஷினை மிதித்துவிட்டு வரும் தையற்காரிக்கு, சமையலறை என்பது கணவருக்கு விட்டுக்கொடுத்த இடம். வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், இரண்டு வருடங்களுக்கு முன் முதுகுவலி என்று சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து கரண்டியைப் பிடித்தார். கைப்பக்குவமும் படிந்துவிட்டது. தெருவில் மட்டும் இன்னும் வேன்காரர்தான்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் குழாய் கசிந்து, ஈரம் அடுப்பு வரை பரவி, பழைய டைல்ஸ் ஒவ்வொன்றாகப் பெயர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு கொதிக்கிற பாத்திரத்துக்குள்ளேயே விழுந்த பிறகு, இனித் தள்ளிப்போட முடியாது என்று இருவரும் கடைக்குப் போனார்கள்.

அவள் கண் பளபளக்கும் வெள்ளையின் மேல் போனது. அவரோ ஒரு மூலையில் நின்று, மினுமினுப்பே இல்லாத கரும்பச்சையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது எப்படி இருக்கு?"

"பாசி பிடிச்ச தொட்டி மாதிரி இருக்கு. நாள் பூரா இருட்டுல தைச்சுட்டு வர்றேன். வீட்டுலயாவது வெளிச்சம் இருக்கட்டுமே."

"அழுக்கு தெரியாதேன்னு பார்த்தேன்."

"தெரியணும்ங்க. தெரிஞ்சாத்தானே துடைப்பீங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். வேன்காரர் எதற்கும் ஒற்றைக்காலில் நிற்கிற ஆளில்லை. வெள்ளையே வீட்டுக்கு வந்து இறங்கியது.

டைல்ஸ் போட வந்தவர் வாய் ஓயாதவர், ஆனால் வேலை சுத்தம். கசிவை அடைத்துக் காயவிட்டிருந்த சுவரில், சமையல் மேடைக்கு மேல் மூன்று வரிசை ஒட்டிவிட்டு, மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று போனார்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் புது வெள்ளையில் பட்டுத் தெறித்தது. வேன்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மேடையைத் துழாவினார். விரல் சூடான பாத்திரத்தில் பட்டதும் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டார். பிறகு பாலை ஊற்றினார். பால் பாத்திரத்தை ஒட்டிக் கீழே ஓடியது.

"கண்ணுக்கு என்ன?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்ல. வெயில் கூசுது."

"கூசினா பால் வெளியில போகாது. உண்மையைச் சொல்லுங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "நேரா பார்த்தா நீ தெரியற. ஓரத்துல இருக்கறது எதுவும் தெரியல. அந்த வெள்ளை முன்னால எவர்சில்வரை வெச்சா, சுவர் எது பாத்திரம் எதுன்னு புரியல."

"எப்போலேருந்து?"

"வேனை விட்டதே அதனாலதான். சைக்கிள்ல வந்த பொண்ணை இடிக்கப் பார்த்தேன். மயிரிழையில தப்பிச்சுது."

"அப்ப முதுகு?"

"முதுகு நல்லாத்தான் இருக்கு."

"தினம் தினம் தைலம் தேய்ச்சேனே."

"அது சுகமா இருந்துச்சு. எப்படி வேண்டாங்கறது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டுக் கோபத்தை மட்டும் வெளியே விட்டாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"வண்டியும் போச்சு. சமையலும் முடியாதுன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் இந்த வீட்டுல நான் யாரு?"

அவள் துணியை எடுத்துப் பாலைத் துடைத்தாள்.

டைல்ஸ்காரர் வந்ததும், "எல்லாத்தையும் பிரிச்சுடுங்க" என்றாள்.

"ஏன்க்கா, கோணலா போச்சா? இல்ல ராத்திரி கனவுல ஏதாவது..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி உளியை எடுத்தார். ஒட்டியதில் பாதி உடைந்தது. பிரிக்காத பெட்டிகளைக் கடைக்காரர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

இந்த முறை வேன்காரர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தைப் பையில் கொண்டுபோனார். ஒவ்வொரு டைலுக்கு முன்னாலும் அதைப் பிடிக்கச் சொல்லி, நேராகவும் தலையைச் சாய்த்தும் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாத்திரத்தைப் பிடித்திருந்தவள் அவர்களை முறைத்தாள். கரும்பச்சை தீர்ந்துவிட்டிருந்தது. மினுங்காத கருநீலம் கிடைத்தது. மை கொட்டினது மாதிரி இருக்கிறது என்று அவள் மனதுக்குள் நினைத்தாள், சொல்லவில்லை.

சுவர் முடிந்த கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். சாலையைக் கடக்கும்போது அவராகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து அவருடைய தங்கை வந்தாள். சமையலறையை எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, இவ்வளவு இருட்டா போட்டுட்டீங்க?" என்றாள்.

"எனக்குப் பிடிச்சுது, எடுத்தேன்" என்றாள் தையற்காரி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

உள்ளே டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்த வேன்காரர் ஒரு கணம் நின்றார்.

"அவளுக்குப் பிடிக்கவே இல்ல. எனக்குக் கண்ணு சரியில்ல. எனக்காகப் போட்டது" என்றார் தங்கையிடம். பிறகு ஒவ்வொரு டம்ளரிலும் நிதானமாகப் பாலை ஊற்றினார்.