அக்கா மெழுகிய சுவர்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அக்காவுக்குக் குளிர் தொடங்கிய நேரம் அது. எனக்கு இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணமும் அக்காதான். பாயில் சுருண்டு, பற்கள் அடிபட நடுங்கியபடியே, "மணியைப் பாரடி. நாளையிண்டைக்கும் இதே நேரத்துக்கு வருதோ எண்டு பாப்பம்" என்றார். மலேரியா ஒன்றுவிட்ட ஒருநாள் நேரம் தவறாமல் வரும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தன் உடம்பிலேயே அதைச் சரிபார்க்க நினைத்தார். அவர் சொன்ன அந்த மூன்றாம் நாளில், அந்த நேரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவருக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல் மூளையைத் தாக்கிவிட்டது என்றார்கள். மறுநாள் விடியமுன் எங்களை விட்டுப் போனார்.

அக்கா பிறந்தது வடமராட்சியில். எங்கள் ஐயாவுக்குக் குளத்தின் கீழ் காணி கிடைத்துக் குடும்பம் கண்டாவளைப் பக்கம் வந்தபோது நான் கைக்குழந்தை. அக்காவின் இடுப்பில்தான் வந்தேனாம். பெற்றோருக்குப் பின் வயலைச் செய்து என்னைப் படிக்கவைத்தார், கலியாணம் கட்டிக் கொடுத்தார், தான் கட்டவில்லை. என் கணவர் வெளிநாடு போனபின் நானும் மகள் வதனியும் அக்காவோடுதான் இருந்தோம்.

வதனிக்கு மழைக்காலம் தோறும் காய்ச்சல் வந்தது. குளிசை முடியும், காய்ச்சல் விடும், பிறகு மறுபடியும் குளிரும். பிள்ளை வெளிறிக்கொண்டே போனாள். நான் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடினேன். அக்கா வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: அரசாங்க ஆட்கள் வந்து சுவரெல்லாம் மருந்தடித்த வீட்டில் எப்படி நுளம்பு உயிரோடு இருக்கிறது?

ஒருநாள் குசினி யன்னலில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், வாயில் சீலை கட்டியபடி இருந்தன. ஒன்றில் கிணற்றடிக் கான் தண்ணீர். மற்றதில் வாய்க்கால் மதகின் கீழே வெயில் படத் தேங்கிய தெளிந்த தண்ணீர். இரண்டிலும் புழுக்கள் நெளிந்தன.

"இஞ்ச வந்து பாரடி. கான் தண்ணிப் புழு தலைகீழாத் தொங்குது. இது தண்ணிக்கு மேல்மட்டத்தில நேராப் படுத்திருக்குது. இதுதான் எங்கட ஆள், மலேரியா நுளம்பு. சுவரில இருக்கேக்கையும் வாலைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும்."

"சமைக்கிற இடத்தில வளர்க்கிறியே அக்கா! உனக்கொரு கலியாணம் கட்டி வைச்சிருந்தா இந்த வேலையெல்லாம் வந்திராது."

"அந்தாளையும் ஒரு போத்தலுக்க விட்டிருப்பன்" என்றார், தலை நிமிராமலே.

மருந்தடிக்க வருகிறவர்களை அக்கா சும்மா விடுவதில்லை. தேத்தண்ணீர் கொடுத்து இருத்திக் கேட்பார். நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்புவதில்லை. கிருமி அதன் உடம்புக்குள் முற்ற ஒரு கிழமைக்கு மேல், பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும் என்று அவர்களின் தலைவர் சொன்னார். முட்டைக்காக இரத்தம் குடிப்பது பெண் நுளம்பு மட்டும்தான். குடித்த பாரத்தில் பறக்கமாட்டாமல் பக்கத்துச் சுவரில் இருக்கும். சுவரிலுள்ள மருந்து காலில் பட்டால், கிருமி முற்றுமுன் அது செத்துவிடும்.

"அப்ப சுவர்தான் மருந்து" என்றார் அக்கா.

அந்த வருடப் பொங்கல் கழிந்த ஒரு காலை அக்கா என்னை நெல் அறைக்குள் கூப்பிட்டார். நிலத்தில் செத்த நுளம்புகள் கிடந்தன. நாங்கள் படுக்கும் அறைச் சுவரிலோ அவை வாலைத் தூக்கிக்கொண்டு சுகமாக இருந்தன. இரண்டு அறைக்கும் ஒரே நாளில்தான் மருந்தடித்தது. அக்கா சுவரை விரலால் சுரண்டினார். மேலே சாணமும் களிமண்ணும். அதன் அடியில் மருந்தின் வெள்ளை. மருந்து நாற்றம் போகவும் பொங்கலுக்கு வீடு துப்புரவாக இருக்கவும் அக்காவே மெழுகிய சுவர் அது. நெல் அறையை யாரும் மெழுகுவதில்லை.

"எடியேய், மருந்தை மூடி நுளம்புக்குப் பாய் விரிச்சுக் குடுத்திருக்கிறன்!" என்று தலையில் கைவைத்தார்.

அயலில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். மெழுகாதேங்கோ என்று சொல்லப்போய் ஏச்சும் வாங்கினார். "மெழுகாத வீட்டில விளக்கு வைக்கிறதோ?" என்று கேட்டார்கள். அவரும் விளக்கு வைக்கிறவர்தானே. கடைசியில் மருந்தடிக்கிற தலைவரிடம், "நீங்கள் வாற நாளை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கோ. நாங்கள் முதல் மெழுகிறம், பிறகு நீங்கள் அடியுங்கோ" என்றார். அடுத்த முறை அப்படியே நடந்தது. அக்கா வீடு வீடாகப் போய்ப் புறங்கையால் சுவரைத் தொட்டு, ஈரமில்லை என்று சொன்ன பிறகே பம்பைத் திறந்தார்கள். அந்த மழைக்கு வதனிக்குக் காய்ச்சல் வரவில்லை.

இந்த மழைக்கு மருந்தடிக்கிறவர்கள் வரவில்லை. பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாத போர்க்காலம். அக்கா மெழுகிவிட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்தான் முதலில் வந்தது.

அன்று தம் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி அக்காவை ஏற்றிப் போன பக்கத்துக் காணி முத்தையா அண்ணரையும், கடைசிவரை பக்கத்தில் நின்ற தாதியரையும், சைக்கிளில் தூரம் மிதித்து வந்த உறவுகளையும் நாங்கள் மறவோம். நன்றி என்றால் கோபிப்பார்கள். ஆனாலும் இந்த நினைவு மலரில், அச்சில் இருக்கட்டும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து, வழக்கப்படி வீட்டை மெழுகினோம். வதனி படுக்கும் பக்கச் சுவரில் ஒரு நுளம்பு வாலைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் என்னால் கண் மூட முடியவில்லை. சுவர் காய்ந்து வெளுத்த ஒரு காலை, படலையில் சைக்கிள் மணி கேட்டது. மருந்தடிக்கிறவர்கள்! முதுகில் பம்போடு தலைவர் உள்ளே வந்தார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம், மெழுகித்தான் வைச்சிருக்கிறியள். எண்டாலும் அக்காவைக் கூப்பிடுங்கோ தங்கச்சி. அவா தொட்டுப் பாத்து, ஈரமில்லை எண்டு சொன்னாத்தான் நாங்கள் அடிப்பம்."