சைக்கிள் வேகத்தில் வந்த கப்பல்

போன ஐப்பசியில், அடைமழை பிடித்திருந்த நேரம். மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். “இனி வீட்டிலேயே வச்சுப் பாத்துக்கங்க” என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தம்பி வர வேண்டும். அவனுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை. எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்தவனும் அம்மாவுக்கு இளையவனும் கொள்ளி வைப்பது வழக்கம். “உங்கப்பாவுக்கு நீ வச்சாச்சு. எனக்கு அவன்தான்டா” என்று, வீட்டைப் பங்கு பிரிப்பது போலச் சொன்னார்.

ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு அவன் கப்பல் வந்துகொண்டிருந்தது. அங்கே இறங்கிவிட்டால் விமானம் ஏறிவிடலாம். போனில் கப்பல் இருக்கும் இடம் ஒரு புள்ளியாகத் தெரியும். காலையில் பார்த்த புள்ளி, சாயங்காலமும் அங்கேயே இருப்பது போலத்தான் இருக்கும்.

தாய்மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “மாப்ள, கொஞ்சம் அழுத்தி வரச் சொல்லேன்டா. ஆத்திர அவசரம்னா கேக்க மாட்டாங்களா?”

தம்பியிடமே கேட்டேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. “அண்ணே, கண்மாய்ல இடுப்பளவு தண்ணியில ஓடிப் பாத்திருக்கியா? அப்படித்தாண்ணே. வேகத்த ரெண்டு மடங்காக்கணும்னா எட்டு மடங்கு சக்தி வேணும். அம்புட்டு சக்தி இந்த இன்ஜின்ல கெடையாது.”

நான் பத்தாவதோடு நின்றவன். டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கும் அறிவியலும் பிள்ளைகளின் புத்தகத்தைப் புரட்டி நானாகப் படித்ததுதான். கப்பலின் வேகத்தைக் கிலோமீட்டராக மாற்றிப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. மணிக்கு இருபத்திரண்டு. நல்ல மிதி மிதித்தால் சைக்கிளே போய்விடும்.

அம்மாவிடம் சொன்னதும், எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். “இம்புட்டுப் பெரிய கப்பலு சைக்கிள் வேகத்துலயா வருது? அதுக்கு அவன் சைக்கிள்லயே வந்திருக்கலாமேடா!”

அன்றிலிருந்து தம்பி அவருக்கு சைக்கிளில்தான் வந்துகொண்டிருந்தான். கண் விழிக்கும்போதெல்லாம், “எங்குட்டு வாரான்?” என்பார். நானும் கடலை மதுரையாக்கிச் சொல்வேன். மாட்டுத்தாவணியில் கிளம்பிட்டான்மா. தல்லாகுளம் வந்துட்டான். காளவாசல் தாண்டிட்டான்.

எங்கள் ஊரில் யாரிடம் தூரம் கேட்டாலும் நேரத்தைத்தான் சொல்வார்கள். மாட்டுத்தாவணி எம்புட்டு தூரம் என்றால், முக்கால் மணி நேரம் என்போம். அந்தப் பழக்கத்தில் நானும் தூரத்தை வேகத்தால் வகுத்து, “வெள்ளிக்கிழமை வந்துருவான்மா” என்று சொல்லிவிட்டேன். தம்பியும் அதே கணக்குத்தான் வைத்திருந்தான். கணக்கில் பிழையில்லை.

வியாழக்கிழமை புள்ளி துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். துறைமுகத்துக்குள் இடமில்லையாம். வெளியே கப்பல்கள் வரிசையில் நிற்கின்றனவாம். ஆளை மட்டும் இறக்கிவிடலாம் என்றால், கடல் கொந்தளிப்பில் படகு வர மறுத்துவிட்டது.

தம்பி போனில் அழுதான். “அண்ணே, கரையில லாரி போறது கண்ணுக்குத் தெரியுதுண்ணே. எறங்கத்தாண்ணே முடியல.”

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா, என் மனைவியிடம் தலை வாரிவிடச் சொன்னார். வாசல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். “எங்குட்டு வாரான்?” என்றார்.

என்ன சொல்வது? “நம்ம தெருமுனைக்கு வந்துட்டான்மா.”

“பெறகு ஏன்டா நிக்கிறான்?”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. தூரத்தை வேகத்தால் வகுக்கலாம். வேகமே இல்லை என்றால் எதைக் கொண்டு வகுப்பது? அம்மா வாசலைப் பார்த்தபடியே இருந்தார். மதியத்துக்கு மேல் அந்தப் பார்வை மட்டும்தான் இருந்தது.

ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தோம். புள்ளி அசையவில்லை. “இதுக்கு மேல வைக்கக் கூடாது மாப்ள” என்றார் மாமா. அப்பாவுக்கு வைத்த அதே கையால் அம்மாவுக்கும் நானே வைத்தேன்.

அதன்பிறகுதான் தம்பி இறங்கினான். விமானத்தில் ஒரு பகல் பொழுதுக்குள் வந்துவிட்டான். கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தபடி நின்றவன், “கடைசியா என்னண்ணே கேட்டுச்சு?” என்றான். “ஒண்ணும் கேக்கலடா” என்றேன்.

இப்போதும் பட்டறைக்கு வருகிறவர்கள், “பஸ் ஸ்டாண்டு எம்புட்டு தூரம்ணே?” என்று கேட்பதுண்டு. கிலோமீட்டரைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். இத்தனை நேரத்தில் போய்விடலாம் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வருவதில்லை.