டிரங்க் போர்டிலிருந்து பரீட்சை ஹாலுக்கு

எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்த தொண்ணூறுகள். கோயம்புத்தூர் டெலிபோன் எக்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் ஆபரேட்டர் வேலை எனக்கு. ஜனங்கள் பூத்திலிருந்து நேராகவே பேசிக்கொண்டதால், எங்கள் வழியாகப் போகும் கால்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் டூட்டி மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் சாமியப்பன் எங்களை நிறுத்திவைத்தார்.

"ஏனுங்கம்மா, எல்லாரும் கேட்டுக்கங்க. போர்டுல பாதிய எடுத்துப்போடறாங்க. டெக்னீசியன் பரீட்சை பாஸ் பண்றவங்களுக்கு இங்கியே வேலை. மத்தவங்கள எந்த ஊருக்கு மாத்துவாங்கன்னு எனக்கே தெரியாதுங்க."

கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருந்த மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். வெளியூர் என்றால் வேலையை விடவேண்டியதுதான்.

உட்கார முடியவில்லை

போர்டில் ஒரு லைட் எரியும். இணைப்பு ஒயரைச் சொருகி, பேசி, பிடுங்குவதற்குள் அடுத்த லைட் எரியும். வருடக்கணக்காக அதிலேயே பழகிய மனசு புத்தகத்தில் நிற்கவில்லை. ஒரு பக்கம் முடிவதற்குள் எழுந்து அடுப்பைப் பார்ப்பேன், துணியை மடிப்பேன். திரும்பி வந்தால் படித்தது எதுவும் நினைவில் இருக்காது.

பக்கத்து சீட் நூர்ஜகான் அக்கா நேர் எதிர். கோட்டைமேட்டில் வீடு. உட்கார்ந்தால் ஒரு பாடத்தை முடிக்காமல் எழமாட்டார்.

"அக்கா, மண்டையில நிக்கவே மாட்டேங்குதுங்க. இது எனக்கு ஆகாதுங்க்கா" என்றேன்.

"உக்காந்து படிக்க வரலீன்னா நடந்துட்டே படி அம்மணி. யாராச்சும் கேட்டாத்தான உனக்குப் பேச்சு வரும்? நான் கேக்கறேன், நீ சொல்லு."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் நடந்தோம். அவர் கேட்பார், நான் சொல்வேன். தப்பாகச் சொன்னதை மட்டும் வீட்டில் படித்தேன். ஒரு கேள்விக்கான பதிலைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்காமல் ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். வராத இடம் எதுவென்று அப்போது தெரிந்துவிடும்.

ஹாலில்

கேள்வித்தாளில் முதல் கேள்வியே சரியாகத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டுத் தெரிந்ததற்கெல்லாம் டிக் போட்டு, அங்கிருந்து ஆரம்பித்தேன். எழுதும்போது கால் ஆடிக்கொண்டே இருந்ததில் பெஞ்சும் ஆடியது. முன்னால் இருந்தவர் இரண்டு முறை திரும்பி முறைத்தார்.

நேரம் மிச்சமிருக்கும்போதே எழுந்துவிட்டேன். வெளியே போனால் போதும் என்றிருந்தது.

"முடிச்சுட்டீங்களாம்மா? இன்னும் நேரம் கிடக்குதுங்களே" என்று பரீட்சை மேற்பார்வையாளர் கையை நீட்டினார்.

இரண்டு வரிசை தள்ளி நூர்ஜகான் அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பேப்பரைக் கொடுக்க மனம் வரவில்லை.

"ஒருக்கா பாத்துட்டுத் தாரேனுங்க" என்று உட்கார்ந்தேன். வேறு யாரோ எழுதியதைத் திருத்துவதுபோல் முதலிலிருந்து படித்தேன். ஒரு கணக்கில் கூட்டல் தப்பாக இருந்தது. ஒரு கேள்வியின் இரண்டாம் பாதியை எழுதவே இல்லை. இரண்டையும் சரிசெய்தேன். விட்டுவைத்த முதல் கேள்விக்கும் வராந்தாவில் பேசியது கொஞ்சம் ஞாபகம் வந்து, அரைப் பக்கம் எழுதினேன்.

வெளியே நூர்ஜகான் அக்கா முகம் வெளிறிப்போய் நின்றார். "மூணு கேள்விதான் எழுதுனேன் அம்மணி. மொதல் கேள்விக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதிப்போட்டேன். நேரம் போனதே தெரியல."

நான் பாஸ். அவர் இல்லை. அவரை மேட்டுப்பாளையத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுபடியும்

அவர் அடுத்த பரீட்சைக்குத் தயாரானபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பாடம் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. பழைய கேள்வித்தாளை வைத்து எழுதச்சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரமாச்சுங்க்கா. அடுத்த கேள்வி."

"இன்னும் ரெண்டு வரி."

"வேண்டாமுங்க. கைய எடுங்க."

ஒருநாள் பேனாவைத் தூக்கிப்போட்டுவிட்டார். "எல்லாம் தெரிஞ்சும் அரைகுறையா எழுதச் சொல்றியே."

"முழுசா எழுதித்தானுங்க்கா போன தடவை மூணோட நின்னுச்சு."

அவரே குனிந்து பேனாவை எடுத்தார். அந்தப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் எழுதி, பாஸாகி, எங்கள் செக்ஷனுக்கே வந்து சேர்ந்தார்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பாடத்தைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை. தெரிந்ததைக் கொடுத்த நேரத்துக்குள் தாளில் இறக்குவது வேறு வேலை. எனக்கு முதல் வேலை வரவில்லை, அவருக்கு இரண்டாவது வரவில்லை. உங்களுக்கு எது வரவில்லை என்று பாருங்கள். அதைத் தனியாகப் பழகுங்கள்.