மகள் செய்த விளையாட்டில் பத்துப் பேரைக் கொன்றேன்

கிள்ளானில் பதினான்கு லோரி வைத்திருப்பவன் நான். அத்தனையும் என் கையால் வந்தவை. எந்தச் சரக்கை எப்படி அடுக்கினால் வண்டி சாயாது என்று பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். என் படிப்பு, ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. தமிழ் எழுதுவேன், இதோ எழுதுகிறேனே. மலாய் பேசினால் மலாய்க்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த மலாயையே ஆங்கில எழுத்தில் நாலு வரி சேர்த்து அச்சடித்து நீட்டினால் எனக்குக் கண் இருட்டிவிடும். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. "கண்ணாடி கொண்டுவரல, நீ படி" என்று சொல்லியே ஆயுளை ஓட்டிவிட்டேன்.

மகள் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பாடம் சொல்லித்தரும் வீடியோ கேம்களை வடிவமைக்கும் படிப்பு. கடைசி வருடப் புராஜெக்டுக்காக, கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கான கேம் ஒன்றை மலாயில் செய்திருந்தாள். திரையில் பீப்பாயோ பெட்டியோ வரும். அதன் மேல் உள்ள எச்சரிக்கையைப் படித்து, கீழே இருக்கும் மூன்று பொத்தானில் சரியானதைத் தொட வேண்டும்.

"ப்பா, டெஸ்ட் பண்ண ஆள் வேணும். லோரி வேல தெரிஞ்சவங்களா இருக்கணும். கேம முன்ன பாத்திருக்கக் கூடாது."

"அதுக்கு ஏம்மா ஊரெல்லாம் தேடற? ஒங்கப்பன விட்டா யாரு இருக்கா?"

வாய் முந்திக்கொண்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, என் பழைய ஓட்டுநர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, கேம் இருந்த அவளுடைய டேப்லெட்டைக் கையில் கொடுத்தேன்.

"என்ன பாஸ், இந்த வயசுல கேம் வெளையாடறீங்க?"

"பேசாம படி லா. கண்ணாடி ஒடஞ்சிருச்சு."

அவர் படித்துப் படித்துச் சரியானதைத் தொட, பொத்தான்களின் வரிசையை மனத்தில் ஏற்றினேன். இடது, நடு, நடு, வலது. லைசென்ஸ் பரீட்சையையும் அப்படித்தான் தாண்டினேன், அதுவும் ஒரே தடவையில். மனப்பாடம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தில் ஓர் அறையில் டேப்லெட் முன்னால் உட்கார்ந்தேன். விரிவுரையாளர் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி. "அங்கிள், கேமரா ஒங்க கைய மட்டுந்தான் எடுக்கும். மக பின்னால ஒக்காந்து எழுதுவாங்க. அவங்க வாயத் தெறந்து ஒங்களுக்கு ஒதவக் கூடாது, அதான் ரூல்" என்றார். மகளுக்குப் பக்கத்தில் அவள் வகுப்புத் தோழி ஒருத்தி.

முதலில் பீப்பாய் வர வேண்டும். பெட்டி வந்தது. ஒவ்வொரு முறையும் வரிசை மாறும் என்று எனக்கு எப்படித் தெரியும்? திரையில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. இடது பொத்தானைத் தொட்டேன். திரையில் பெட்டி சரிந்து ஒரு தொழிலாளி அடியில் நசுங்கினான். நடு. இன்னொருவன். கேமரா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் மகளின் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"அங்கிள், பத்துப் பேரக் கொன்னுட்டீங்களே!" என்று தோழி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

விரிவுரையாளர் அவளிடம் குரலைத் தாழ்த்தினார். "இவ்ளோ அனுபவம் உள்ளவருக்கே புரியலன்னா, சொல்லித்தர்ற விதமே தப்பும்மா. அடுத்த வாரம் குடுக்கணும். முழுசா மாத்த முடியுமா?"

"முடியாது மேடம்." குரல் உடைந்திருந்தது.

அவர் என்னிடம் திரும்பினார். "வாசகம் கொழப்பமா இருந்துச்சா அங்கிள்?"

"ஆமா. கொஞ்சம் கொழப்பந்தான்" என்றேன்.

காராக் மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். அன்றைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. மகள் நோட்டில் கேமின் வாசகங்களை எழுதியிருந்த பக்கத்தில் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது கோட்டில் என்னால் தாங்க முடியவில்லை.

"அடிக்காதம்மா. கேம்ல தப்பில்ல. எனக்குப் படிக்கத் தெரியல."

"எந்த வரிப்பா?"

"ஒரு வரியும். ஞாயித்துக்கெழம ஆள வச்சுப் படிக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்."

மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

"அப்ப இந்த டெஸ்ட் செல்லாது" என்றார் விரிவுரையாளர். "கேம் தோத்துச்சுன்னு சொல்ல முடியாது. நாளைக்கு வேற ஆள வச்சுப் பாப்போம்."

மகள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். புதுப் பக்கம் திருப்பினாள்.

"நாளைக்கு வர்றவரும் ஒங்கள மாதிரியே மறைச்சா எனக்கு எப்படித் தெரியும்? படிக்கத் தெரியாதவங்க எங்க தடுமாறுவாங்கன்னு நான் பாக்கணும், இன்னொரு தடவ வெளையாடுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கப்பா."

படம் வந்தது. தோழியும் விரிவுரையாளரும் என் வாயையே பார்த்தார்கள்.

"தெரியல" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த படம் வந்தது.